யோன்வில் என்றோர் ஊர் இல்லை

பிரெஞ்சு நாவலாசிரியர் குஸ்தாவ் ஃப்ளோபேரின் வாழ்க்கையைக் கைவிளக்காகக் கொண்டு நார்மண்டியைச் சுற்றிப்பார்ப்பது இன்று நிலைபெற்றுவிட்ட ஒரு வழக்கம். அவர் பிறந்த ரூவான் நகரம், எழுதி வாழ்ந்த க்ருவாஸே, இளமையில் கோடைநாட்களைக் கழித்த த்ரூவில் கடற்கரை, 'மதாம் பொவாரி'யின் களம் என்று சொல்லப்படும் ரீ என்னும் சிற்றூர் ஆகியவற்றை இணைத்துப் பார்த்தால் இரண்டு மூன்று நாட்களில் முடிந்துவிடும் பயணம் அது. 2021-இல் அவருடைய இருநூற்றாண்டை நார்மண்டி பெரிய அளவில் கொண்டாடியபோது இந்தப் பாதைக்கு இன்னும் கொஞ்சம் மெருகு கூடியது. இத்தகைய பயணங்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. தாம் விரும்பும் எழுத்தாளர் நடந்த மண்ணைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை இலக்கியம் படிப்பவர்களுக்கு இயல்பானது. ஆனால் இந்தப் பாதையில் ஓர் ஊர் மட்டும் எனக்குத் தொடர்ந்து உறுத்தலாகவே இருந்துவருகிறது. அது ரீ. அங்கே ஒரு நாவலும், ஒரு நிலப்பகுதியும், உண்மையில் வாழ்ந்து மறைந்த ஒரு பெண்ணும் சேர்ந்தே சிறுமைப்படுகிறார்கள் என்பது என் எண்ணம்.

வழிகாட்டிகளைப் பற்றி ஃப்ளோபேர் என்ன நினைத்தார் என்பதை அறிய நாவலை விட்டு வெளியே போகவேண்டியதில்லை. 'மதாம் பொவாரி'யின் மூன்றாம் பாகத் தொடக்கத்தில் எம்மாவும் இளைஞன் லெயோனும் ரூவான் பேராலயத்தில் சந்திக்கிறார்கள். உறவை மறுத்து எழுதிய கடிதத்தோடு வந்திருக்கிறாள் எம்மா. லெயோனோ பொறுமை இழந்து நிற்கிறான். அப்போது ஆலயத்தின் காவலன் குறுக்கிடுகிறான். கல்லறைகளைக் காட்டுகிறான், யார் யாருடைய மனைவி, எவர் எந்தப் போரில் இருந்தார் என்று ஒப்பிக்கிறான், மணியின் எடையைச் சொல்கிறான். விடாமல் பின்தொடர்ந்து, கடைசியில் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த வார்ப்பிரும்புக் கோபுரத்தையும் பார்த்துவிட்டுப் போகும்படி கெஞ்சுகிறான். எகிப்தின் பெரிய பிரமிடைவிட அது ஒன்பது அடிதான் குறைவாம்! படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் வெறும் கேலி என்று அந்தக் காட்சியைக் கடந்துவிட முடியாது. தன் உறுதி தளர்ந்துகொண்டிருப்பதை அறிந்த எம்மா, அந்தக் கல்லறைகளையும் சிற்பங்களையும் பற்றிக்கொண்டு நேரத்தைத் தள்ளிப்போடப் பார்க்கிறாள். காவலன் சொல்லும் தகவல்கள் அத்தனையும் சரியானவையாக இருக்கலாம். அவன் கண்முன் நடப்பது என்னவென்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

அடுத்துவருவது அந்தப் புகழ்பெற்ற குதிரைவண்டிக் காட்சி. இருவரும் ஏறிக்கொள்ள, திரைகள் இழுத்துவிடப்பட்ட வண்டி ரூவான் முழுவதும் இலக்கில்லாமல் ஓடுகிறது. உள்ளே நடப்பது எதையும் ஆசிரியர் சொல்வதில்லை. தெருப்பெயர்களை மட்டும் அடுக்கிக்கொண்டே போகிறார்: பெரிய பாலத் தெரு, ஆற்றங்கரைத் துறை, நாடகாசிரியர் கொர்னேயின் சிலை, புறநகர்கள், மருத்துவமனைத் தோட்டம் என்று மூச்சுவிடாத பட்டியல். ஊர்ப்பெயர்களைக் கொண்டு ஒன்றைக் காட்டாமல் மறைத்த வேறொரு காட்சி உலக நாவலில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 1856-இல் தொடராக வெளியிட்ட 'ரெவ்யூ த பாரி' இதழ் அஞ்சி நீக்கியதும் இந்தப் பகுதியைத்தான். அந்த வண்டி சென்ற வழியை இன்று அப்படியே பின்பற்ற இயலாது. 1940 ஜூனில் பரவிய தீயிலும் 1944-இன் குண்டுவீச்சுகளிலும் பேராலயத்துக்கும் சேன் நதிக்கும் இடைப்பட்ட பழைய ரூவான் பெரும்பாலும் அழிந்துபோனது. காவலன் பெருமையடித்த கோபுரம் 1876-இல்தான் முடிந்தது. 151 மீட்டர் உயரத்தோடு சில ஆண்டுகள் உலகின் மிக உயர்ந்த கட்டடமாகவும் இருந்தது. 2024 ஜூலையில், சீரமைப்புப் பணி நடந்துகொண்டிருந்தபோது, அதன் உச்சியில் தீப்பற்றிய படங்கள் உலகெங்கும் போயின. நல்லவேளையாக விரைவில் அணைத்துவிட்டார்கள்.

ஆக, கட்டடங்களையும் தெருக்களையும் ஒத்துப்பார்க்கும் வேலைக்கு ரூவான் அவ்வளவாக இடம் கொடுப்பதில்லை. ஆயினும் ஃப்ளோபேரை அறிய ரூவானில் தவறவிடக்கூடாத ஓரிடம் இருக்கிறது. அது அவர் பிறந்த மருத்துவமனை. தந்தை அஷீல்-க்ளேயோஃபாஸ் ஃப்ளோபேர் அங்கே தலைமை அறுவை மருத்துவர். மருத்துவமனையை ஒட்டியிருந்த இல்லத்தில் 1821 டிசம்பர் 12-இல் குஸ்தாவ் பிறந்தார். மருத்துவமனையின் பெருங்கட்டடம் இப்போது மாவட்ட ஆட்சி அலுவலகம். இல்லப் பகுதி மட்டும் ஃப்ளோபேர் மற்றும் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கிறது. பிணம் அறுக்கும் கூடத்தின் சன்னல் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்தபடி இருந்தது என்றும், தானும் தங்கையும் கொடிப்பந்தலில் ஏறி உள்ளே எட்டிப்பார்ப்போம் என்றும், அறுத்துக்கொண்டிருக்கும் தந்தை தலைநிமிர்ந்து போகச் சொல்வார் என்றும் லூயீஸ் கோலேவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஃப்ளோபேர் நினைவுகூர்கிறார். பூவில் மொய்த்த ஈக்களே பிணங்களின்மேலும் வந்து உட்கார்ந்தன என்பதும் அந்த நினைவில் உண்டு.

அந்த அருங்காட்சியகத்தில் துணியால் தைத்த முழு அளவுப் பேற்றுப் பொம்மை ஒன்று இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் மதாம் து கூத்ரே என்ற பெண்மணி பிரான்சின் மாகாணங்கள்தோறும் சென்று நாட்டுப்புறப் பெண்களுக்குப் பேறு பார்க்கும் முறையைக் கற்பித்தபோது பயன்படுத்திய வகையைச் சேர்ந்தது. ஃப்ளோபேரோடு நேரடித் தொடர்பில்லாத பொருள்தான். ஆனால் நார்மண்டியின் கிராமங்களில் உடல் என்பது எப்படிப்பட்ட கைகளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்பதை அதைவிடத் தெளிவாக எதுவும் சொல்வதில்லை. நாவலின் சார்ல் பொவாரி முழு மருத்துவப் பட்டம் பெற்றவன் அல்லன். 1803-ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய இரண்டாந்தர உரிமம் பெற்றவன். அந்த உரிமத்தைப் பெற்றவர் தேர்வு எழுதிய மாவட்டத்துக்குள் மட்டுமே தொழில் செய்யலாம். பட்டம் பெற்ற மருத்துவரின் மேற்பார்வையின்றிப் பெரிய அறுவைகள் செய்யலாகாது. இந்தச் சட்டத்தை அறிந்து படித்தால் நாவலின் நிலவியல் முற்றிலும் வேறாகத் தெரியும். எம்மா பாரிஸின் வரைபடத்தை வாங்கிவைத்து அதன் தெருக்களில் விரலால் நடக்கிறாள். அவள் கணவனோ சட்டப்படியே ஒரு மாவட்டத்துக்குள் அடைபட்டவன். வளைந்த பாதத்தை நேராக்குகிறேன் என்று அவன் இப்போலித்தின் காலைக் கெடுக்கும் அத்தியாயத்தின் கொடுமையும் இதனால் கூடுகிறது. தன் தகுதிக்கு மீறிய ஒன்றில், மருந்துக்கடைக்காரன் ஒமேயும் மனைவியும் தூண்டிவிட, இறங்குகிறான் அவன். ஒரு வட்டாரத்தை நாவலின் வழி அறிவது என்றால் இப்படி அறிவதுதான்.

இனி ரீ. ரூவானுக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அவ்வூரில் யூஜேன் தெலமார் என்ற, சார்ல் பொவாரி போன்றே இரண்டாந்தர உரிமம் பெற்ற மருத்துவர் ஒருவர் இருந்தார். ஃப்ளோபேரின் தந்தையிடம் படித்தவர். அவருடைய இரண்டாம் மனைவி தெல்ஃபீன் கூத்யூரியே. 1839-இல் பதினேழு வயதில் மணமாகி, 1848 மார்ச்சில் இருபத்தாறு வயதில் இறந்துபோனார். அடுத்த ஆண்டே கணவரும் இறந்தார். இந்தக் கதையை ஃப்ளோபேர் அறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை. 1851 ஜூலையில் நண்பர் மாக்ஸிம் து கான் எழுதிய கடிதத்தில், இப்போது எழுதுவது தெலமார் மனைவியின் கதையா என்ற கேள்வி வருகிறது. பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளிலும், 1849-இல் 'புனித அந்தோணியாரின் சோதனை'யை ஃப்ளோபேர் நாள்கணக்கில் படித்துக்காட்டி முடித்ததும், அதைத் தீயிலிடச் சொல்லிவிட்டு இந்தக் கதையை எழுதும்படி லூயி பூயே தூண்டியதாக து கான் சொல்கிறார். பெயரைச் சற்றே மாற்றித் 'தெலோனே' என்கிறார்.

இவ்வளவும் ஏற்கத்தக்கதே. சிக்கல் இதற்குமேல்தான் தொடங்குகிறது. 1890 வாக்கில் ரூவானின் நாளிதழொன்று 'உண்மையான மதாம் பொவாரி' இவர்தான் என்று எழுதியது. அதன்பிறகு ஊரில் ஒவ்வொரு வீடும் ஒன்றாயிற்று: இது ஒமேயின் மருந்துக்கடை, இது வண்டி நின்ற இடம், இது ரொதோல்ஃபின் மாளிகை. இயங்கும் பொம்மைகளைக் கொண்டு நாவலின் காட்சிகளை அமைத்த காட்சியகம் ஒன்றும் நெடுங்காலம் அங்கே இருந்தது. தேவாலய வளாகத்தில் தெல்ஃபீனுக்கு நினைவுக்கல் வைக்கப்பட்டது. எம்மாவுக்காகத்தான் வைக்கப்பட்டது என்பது சொல்லாமலே விளங்கும்.

ஃப்ளோபேர் என்ன சொன்னார்? நாவல் வெளியான 1857-ஆம் ஆண்டிலேயே ஒருவர் கேட்டதற்கு, தனக்கு எந்த மாதிரியும் இருந்ததில்லை, பாத்திரங்கள் அனைத்தும் கற்பனை, யோன்வில்லும் இல்லாத ஊரே என்று விடையெழுதினார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே லூயீஸ் கோலேவுக்கு எழுதியபோது, தன் பொவாரி அந்நேரத்தில் பிரான்சின் இருபது கிராமங்களில் ஒருசேர அழுதுகொண்டிருப்பாள் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். எழுத்தாளர் தன் மூலத்தை மறைக்கப் பொய் சொல்லலாமே என்று கேட்கலாம். சொல்லலாம்தான். ஆனால் நாவலையே சாட்சிக்கு அழைப்போம். யோன்வில் ரூவானிலிருந்து எட்டு லீக் தொலைவு என்கிறது நாவல். அதாவது முப்பது கிலோமீட்டருக்கும் மேல். யோன்வில்லின் தேவாலயம் பத்தாம் சார்ல் மன்னரின் ஆட்சி முடிவில் புதுப்பித்துக் கட்டப்பட்டது. ரீயின் தேவாலயத்துக்கோ 16-ஆம் நூற்றாண்டின் செதுக்குவேலை மிகுந்த மரமுகப்புத்தான் பெரும்புகழ். ரீயை அப்படியே வரைய நினைத்தவர் அந்த முகப்பை விட்டிருப்பாரா? ஃபோர்ழ்-லேஸோ என்ற வேறொரு ஊரும் தானே யோன்வில் என்று உரிமை கோரிவந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். எம்மா நஞ்சுண்டு இறந்தாள். தெல்ஃபீன் நஞ்சுண்டதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை. அவர் பிறந்தது, மணந்தது, தாயானது, இறந்தது ஆகியவை பதிவேடுகளில் உள்ளன. கள்ளக்காதல், கடன், தற்கொலை ஆகியவை பெரும்பாலும் நாவல் வந்து பல்லாண்டுகளுக்குப் பின்னர் ஊர்வாய் கேட்டுத் தொகுக்கப்பட்டவை. நாவலைப் படித்த, அல்லது நாவலைக் கேள்விப்பட்ட ஊர் சொன்னவை. கதையிலிருந்து பெண்ணுக்கு ஏற்றப்பட்டவற்றைப் பெண்ணிலிருந்து கதைக்கு வந்தவை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மறுத்துப் பேச அவருக்கு வாயில்லை. அக ஐந்திணையில் தலைவன் தலைவியர் இன்னார் என்று ஒருவர் பெயரைச் சுட்டலாகாது என்ற தொல்காப்பிய நெறியை வகுப்பறையில் நாம் இலக்கணச் செய்தியாக மட்டுமே சொல்லிக் கடந்துவிடுகிறோம். பெயர் சுட்டிவிட்டால் அது அகம் ஆகாது என்பது எத்தனை நுட்பமான அறம் என்பது, ரீயின் அந்த நினைவுக்கல்லை எண்ணும்போது தெரிகிறது. ஃப்ளோபேர் பெயரை மாற்றினார். ஊரை இல்லாத ஊராக்கினார். இருபது கிராமங்களின் பெண்களை ஒருத்தியாக்கினார். பின்வந்தவர்கள் அந்த ஒருத்தியைப் பிடித்துக்கொண்டுபோய் ஒரே ஒரு பெண்ணின் கல்லறைமேல் நிறுத்திவிட்டார்கள்.

ரீ ஒரு சிற்றூர், இதனால் நாலுபேர் வந்து போகிறார்கள், உணவகமும் கடையும் பிழைக்கின்றன, இதில் என்ன கேடு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வருவாயைப் பறிக்கும் எண்ணம் எனக்கில்லை. அந்த மரமுகப்புக்காகவே போய்வரத்தக்க ஊர் அது. ஆனால் ஃப்ளோபேருக்காகப் போகிறவர் போகவேண்டிய இடம் எதிர்த்திசையில், ரூவானிலிருந்து சேன் நதியின் வழியே சில கிலோமீட்டர் கீழிறங்கினால் வரும் க்ருவாஸே.

1844 ஜனவரியில், அண்ணனோடு இரவில் வண்டியோட்டிக்கொண்டு போன்-லெவேக் பக்கமிருந்து திரும்பும்போது ஃப்ளோபேருக்கு முதன்முறையாக வலிப்பு வந்தது. பாரிஸில் விருப்பமின்றிப் படித்துவந்த சட்டப்படிப்பு அதோடு நின்றது. அதே ஆண்டு தந்தை க்ருவாஸேயில் ஆற்றைப் பார்த்த வெண்ணிற வீடொன்றை வாங்கினார். 1846-இல் இரண்டு மாத இடைவெளியில் தந்தையும், பேறு முடிந்த கையோடு தங்கையும் இறந்துபோக, தாயோடும் தங்கையின் கைக்குழந்தையோடும் ஃப்ளோபேர் அங்கே நிலைகொண்டார். 1880 மே 8-இல் இறக்கும்வரை அதுவே அவர் இடம். 1851 செப்டம்பர் 19-இல் தொடங்கிய 'மதாம் பொவாரி' 1856 ஏப்ரல் இறுதியில் அங்கேதான் முடிந்தது. ஒரு நாவலுக்கு நான்கு ஆண்டு ஏழு மாதம். எழுதிய வாக்கியங்களை உரக்கக் கத்திப் படித்து ஓசை பார்ப்பார். விடியுமுன்வரை எரிந்த அவர் அறை விளக்கை ஆற்றில் போகும் படகோட்டிகள் அடையாளமாகக் கொண்டார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. 1870-71 குளிர்காலத்தில் அந்த வீட்டில் பிரஷ்யப் படைவீரர்கள் வந்து தங்கினார்கள். அதன்பின் சொந்த வீட்டிலேயே அவருக்கு அருவருப்புத் தட்டியது. 1875-இல் தங்கை மகளின் கணவருடைய மரவணிகம் நொடித்தபோது, தன் பெயரில் இருந்த தோவில் பண்ணையை விற்று அவர்களைக் காப்பாற்றினார்.

அவர் கண்மூடிய சிறிது காலத்தில் அந்த வீடு விற்கப்பட்டது, இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் சாராய வடிசாலை வந்தது, பிறகு காகித ஆலை வந்தது. ஆற்றோரம் தோட்டத்தின் மூலையில் இருந்த சிறு மண்டபம் ஒன்றை மட்டும் அன்பர்கள் மீட்டு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். இன்று மிஞ்சியிருப்பது அதுவே. சுற்றிலும் துறைமுகமும் தொழிற்சாலைகளும். பயணக் கையேடுகள் இதைச் சற்று வெட்கத்தோடு, 'ஒரு மண்டபம் எஞ்சியுள்ளது' என்று முடித்துக்கொள்கின்றன. எனக்கென்னவோ ஃப்ளோபேரின் நார்மண்டி இங்கேதான் உயிரோடு இருப்பதாகத் தோன்றுகிறது. ரூவான் பருத்தி நூலும் துணியும் விற்றுக் கொழுத்த நகரம். அதன் வணிகர்களின் மனப்போக்கைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் சாடினார். நண்பர் பூயேவுக்கு நினைவுச்சின்னம் வைக்க நகரமன்றம் மறுத்தபோது 1872-இல் அவர் வெளியிட்ட திறந்த மடல் அந்த வெறுப்பின் முழு ஆவணம். அந்த நகரம் அவருடைய வீட்டை என்ன செய்யும்? வடிசாலைதான் கட்டும். ஒமே இருந்திருந்தால் முன்னேற்றம் என்று பாராட்டி 'ரூவான் ஒளிவிளக்கு' நாளிதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பியிருப்பான்.

உண்மை ஊர்களைப் பெயரோடு எழுத ஃப்ளோபேருக்குத் தெரியாமல் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 1877-இல் வெளியான 'மூன்று கதைகள்' நூலில் வரும் வேலைக்காரி ஃபெலிஸித்தேயின் கதை போன்-லெவேக்கிலும் த்ரூவிலிலும் நடக்கிறது. அது அவர் தாய்வழி ஊர். பண்ணையின் பெயர்கூட அசலே. அதே நூலின் புனித ஜூலியன் கதையை, தன் பகுதியின் தேவாலயச் சன்னலில் உள்ளபடி சொன்னதாக முடிக்கிறார். ரூவான் பேராலயத்தில் அந்த வண்ணக்கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. முடியாமல் நின்ற 'பூவார்-பெக்யூஷே'க்காகக் கான் நகருக்கும் ஃபலேஸுக்கும் இடையே ஏற்ற நிலத்தைத் தேடி நேரில் அலைந்தார். எத்ரெத்தா பக்கத்துக் கடற்பாறைகளைப் பற்றி மாப்பசானிடம் கேட்டு விவரம் பெற்றார். 'மதாம் பொவாரி'யிலேயே ரூவானும் தோத் என்ற ஊரும் உண்மையானவை. இரண்டு உண்மை ஊர்களோடு ஒரு பொய்யூரை அவர் வேண்டுமென்றே வைக்கிறார்.

அந்தப் பொய்யூரை எங்கே வைத்தார் என்பதையும் பார்க்கவேண்டும். நார்மண்டி, பிகார்தி, இல்-த-ஃப்ரான்ஸ் மூன்றும் கூடும் எல்லையில். பேச்சுக்கு ஒரு தனிச்சாயலோ நிலத்துக்கு ஒரு தனியழகோ இல்லாத இடத்தில். அந்த வட்டாரத்தின் பெருமையே நெஷாத்தெல் பாலாடைக்கட்டிதான். அதிலும் மட்டமானது யோன்வில்லில் செய்வது என்கிறார்! இப்படி எழுதப்பட்ட ஊருக்கு இரண்டு ஊர்கள் உரிமை கோருகின்றன என்பது ஃப்ளோபேருக்குத் தெரிந்திருந்தால் ரசித்திருப்பார்.

அப்படியானால் நாவலில் நார்மண்டி எங்கேயிருக்கிறது? வேளாண்மைக் கண்காட்சி அத்தியாயத்துக்குப் போகவேண்டும். 1852 ஜூலையில் க்ருவாஸேக்கு அருகே க்ரான்-கூரோன் என்ற ஊரில் நடந்த கண்காட்சியை அவர் நேரில் போய்ப் பார்த்துச் சலித்துத் திரும்பினார். அதை எழுத 1853-இன் பிற்பாதி முழுவதும் ஆயிற்று. மேலே மாடியில் ரொதோல்ஃப் எம்மாவிடம் காதல் பேசுகிறான். கீழே எருவுக்கும் பன்றிக்கும் பரிசு அறிவிக்கிறார்கள். எல்லோரும் எடுத்துக்காட்டும் பகுதி இது. அதன் முடிவில் காத்ரீன் லெரூ என்ற கிழவி மேடைக்கு அழைக்கப்படுகிறாள். ஒரே பண்ணையில் 54 ஆண்டுகள் வேலைசெய்ததற்காக 25 பிராங்கு பெறுமான வெள்ளிப் பதக்கம். கூட்டத்தையே கண்டிராதவள், முன்னே போவதா ஓடிவிடுவதா என்று தெரியாமல் நிற்கிறாள். அவள் கைகளை ஃப்ளோபேர் வருணிக்கிறார். களத்துத் தூசும் துணி துவைத்த காரமும் ஆட்டுமயிரின் எண்ணெயும் ஏறிக் காய்ப்புக் காய்த்து, எவ்வளவு கழுவினாலும் அழுக்காகவே தெரியும் கைகள். வேலை செய்து செய்து இனி முழுதாக மூடவும் முடியாமல் பாதி திறந்தே கிடக்கும் கைகள். பதக்கத்தை ஊர்ப் பாதிரியாரிடம் கொடுத்துத் தனக்காகப் பூசை வைக்கச் சொல்லப்போவதாக முணுமுணுத்துக்கொண்டே இறங்கிவிடுகிறாள். நாவலில் மறுபடி அவள் வருவதில்லை. அவளுக்கு 'அசல்' யார் என்று எந்த நாளிதழும் தேடியதாகத் தெரியவில்லை.

'மதாம் பொவாரி'யின் கையெழுத்துப் படிகளை 1914-இல் ஃப்ளோபேரின் தங்கை மகள் ரூவான் நகராட்சி நூலகத்துக்குக் கொடுத்தார். அடித்தும் திருத்தியும் எழுதிய சுமார் 4,500 பக்கங்கள். பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வலர்கள் அவற்றைப் படியெடுத்து முடிக்க, 2009 முதல் இணையத்தில் எவரும் பார்க்கலாம். அவற்றுக்கிடையே ஃப்ளோபேர் தம் கையால் கோடுகள் இழுத்த ஒரு தாள் இருக்கிறது: கடைத்தெரு, தேவாலயம், ஆறு, மருந்துக்கடை. அது யோன்வில்லின் வரைபடம்.